பல்லை ஊரில் பார்த்துக்கொள்ளலாம்

1

இந்த மாதத்தோடு நாங்கள் மஸ்கட் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. சாயந்திரம் வரும்போது கேக் வாங்கி வரட்டுமா என்று என் கணவர் சவரி காலையில் கேட்டார். யார் கடித்துத் தின்பது என்று கேட்டேன். அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

எங்கள் மகள் அமலிக்கு எட்டு வயது. கீழ் வரிசையில் இடது பக்கம் அவளுக்கு ஒரு கடைவாய்ப் பல் இல்லை. எட்டு வயதில் பல் விழாத பிள்ளை உண்டா, இதற்கா இவள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று ஊரிலிருந்து படிக்கிற உங்களுக்குத் தோன்றும். விழுந்து முளைக்கிற பால்பல் என்றால் நானும் கூரைமேல் எறிந்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பேன். இது ஆறு வயதில் முளைத்து, கிழவியாகும்வரை கூட இருக்க வேண்டிய பல். முளைத்து இரண்டே வருடத்தில் போய்விட்டது. கெட்டது மஸ்கட்டில். பிடுங்கியது பெரம்பலூரில். இரண்டுக்கும் நடுவில் கடல் இருக்கிறதே, அதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

2

வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு உடம்பில் இரண்டு வகை உறுப்புகள் உண்டு. இங்கே பார்த்துக்கொள்கிறவை, ஊரில் பார்த்துக்கொள்கிறவை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நெஞ்சுவலி எல்லாம் இங்கே. பல், கண், முதுகு, காது எல்லாம் ஊரில். கம்பெனி கொடுக்கிற இன்சூரன்ஸ் அட்டையும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. பல்லை உடம்பில் சேர்த்தியாகவே அது எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் கட்டிடத்தில் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். எதிர் வீட்டில் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் இருந்தார். லீவு கிடைக்கும்வரை ஒரு பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டினார். அவர் பேசும்போதுகூட வாய் ஒரு பக்கம் கோணும். எப்போது வைத்தியம் பார்ப்பீர்கள் என்று கேட்டால், "இந்தா, ரெண்டு மாசந்தாம்மா, ஊருக்குப் போனதும் மொத வேல அதான்" என்பார். அவர் அப்படிச் சொல்லும்போது நாங்கள் தலையாட்டுவோம். அது பைத்தியக்காரத்தனம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. சிக்கனம், கெட்டிக்காரத்தனம் என்றுதான் தோன்றும்.

அமலியை எடுத்துக்கொள்ளுங்கள். அவளைப் பெற்றுக்கொள்ளவே நான் ஊருக்குத்தான் போனேன். அடுத்த லீவில் சவரியின் ஊரான ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் மொட்டை. அதே வாரம் காது குத்து. அதற்கடுத்த லீவில் திருச்சிக்கு அழைத்துப் போய்க் கண் சோதித்துக் கண்ணாடி போட்டோம். போட வேண்டிய ஊசி ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் அங்கேயே போட்டுவிடுவோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் சவரிக்கு லீவும் டிக்கெட்டும். அந்த ஒரு மாதத்துக்குள் இரண்டு வருடத்து வைத்தியத்தையும் அடைத்தாக வேண்டும். இறங்கியதும் சொந்தக்காரர்கள் பெட்டியைப் பிரிப்பார்கள், நாங்கள் பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

நான் அரியலூர் காலேஜில் பி.எஸ்ஸி. படித்தவள். இங்கே குடும்ப விசாவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு பெயர். வேலை பார்க்க அனுமதி இல்லை. ஆகவே யோசிக்க நிறைய நேரம் உண்டு. ஆனாலும் இதை யோசிக்க எனக்கு ஒரு பல் போக வேண்டியிருந்தது.

3

ஆறு வயது நடக்கும்போது அமலிக்குப் பின்பக்கம் நான்கு பல் முளைத்தது. முளைக்கும்போதே டீக்கறை பட்ட மாதிரி இருந்தது. நான் மிட்டாய்க் கறை என்று நினைத்து நன்றாகத் தேய்க்கச் சொன்னேன். தேய்த்தும் போகவில்லை. கிட்டத்தில் பார்த்தால் பல்லின் மேல் சுண்ணாம்புக் கட்டி போலத் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. முன்னால் முளைத்துக்கொண்டிருந்த ஒரு பல்லிலும் அந்தத் திட்டு இருந்தது.

மஸ்கட்டிலேயே ரூவி என்கிற பகுதியில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். மலையாளி டாக்டர். பொறுமையாகத்தான் சொன்னார். பல்லின் மேலே எனாமல் என்று ஒரு கெட்டியான தோல் இருக்கிறது, சில பிள்ளைகளுக்கு அது சரியாக இறுகாமலே பல் முளைத்துவிடும், அப்படிப்பட்ட பல் சீக்கிரம் சொத்தையாகும், பிறகு பொடிந்துபோகும். இப்போதே ஃபுளோரைடு பூச ஆரம்பிக்கலாம், அது எனாமலை இறுக்கிக் கொடுக்கும் என்றார். ஏன் இப்படி வந்தது என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, சின்ன வயதில் வந்த காய்ச்சலாகக்கூட இருக்கலாம், நீங்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை என்றார்.

"ஒரு தடவை பூசினால் போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரணும், கேட்டோ" என்று அவருடைய தமிழில் அழுத்திச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் போட்டேன். பாட்டுக் கேட்டேன். இங்கிலீஷுக்கு ஒன்றை அழுத்தினேன். ஒரு பெண் வந்து என் கணவரின் அட்டை எண்ணைக் கேட்டாள், பிறகு அவர் பிறந்த தேதியைக் கேட்டாள். அட்டைக்காரர் நேரில் பேசினால்தான் பதில் சொல்ல முடியும் என்றாள். மறுநாள் சவரி வேலைக்கு நடுவில் பேசினார். பல்லில் அடிபட்டு ரத்தம் வந்தால் உண்டு, மற்றதற்கு இல்லை என்றார்களாம். சொத்தையாகாமல் தடுப்பதற்குப் பணம் தர வழியே கிடையாதாம். சொத்தையானாலும் கிடையாதாம். பிள்ளை கீழே விழுந்து பல்லை உடைத்துக்கொண்டால் மட்டும் வரச் சொல்கிறார்கள்.

"நாலு மாசத்துல லீவு வருது. ஊர்ல பாத்துக்கலாம்" என்றார் சவரி.

"இப்பவே பூசணும்ங்கிறாருங்க அந்த டாக்டரு."

"இங்க எல்லாரும் அப்புடித்தான் சொல்லுவான். பெரம்பலூர்ல புள்ளைங்களுக்குன்னே ஒரு டாக்டர் இருக்காங்களாம். அங்க ஒரேயடியா முடிச்சிடுவோம்."

ஒரேயடியாக. எங்கள் வாழ்க்கையையே கெடுத்தது இந்த ஒரு வார்த்தைதான்.

4

அந்த லீவில் சொன்னபடி போனோம், ஆனால் டாக்டரிடம் நாள் கிடைத்தது கடைசி வாரத்தில்தான். ஏலாக்குறிச்சியிலிருந்து அரியலூர், அங்கிருந்து பெரம்பலூர். சிமெண்ட் லாரிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போனது. அமலி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏன் இங்கே மரமெல்லாம் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டாள்.

டாக்டர் ஷமீமா என்று பெயர். முப்பத்தைந்துக்குள்தான் வயது இருக்கும். எங்கள் எதிர் வீட்டு பாயின் ஊரான லப்பைக்குடிக்காடுதான் தன் ஊரும் என்று சொன்னதும் சவரிக்குப் பாதிப் பயம் போய்விட்டது. டாக்டர் அமலியின் பல்லை ஒவ்வொன்றாகத் துடைத்துக் காயவைத்து, சின்ன பிரஷில் மஞ்சளாக ஒன்றைத் தொட்டுப் பூசினார். ஊசி இல்லை, வலி இல்லை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வாழைப்பழ வாசனை அடிக்குதும்மா என்று அமலி சிரித்தாள்.

"இன்னிக்குப் பூரா கடிச்சுத் திங்கிற மாரி எதுவும் குடுக்காதீங்க. ராத்திரி பல்லு வெளக்க வேணாம். பல்லு மஞ்சளாத்தான் இருக்கும், நாளைக்கு வெளக்குனா போயிடும். மூணு மாசத்துல மறுபடி பூசணும். அங்க பூசினாலும் சரி, ஆனா விட்டுடாதீங்க" என்றார்.

சரிங்க டாக்டர் என்று சவரி தலையை ஆட்டிய ஆட்டில் கழுத்தே சுளுக்கியிருக்கும்.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்தோம். என் பெரிய நாத்தனார் லூர்து அக்கா வாசலிலேயே அமலியைப் பிடித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. நாங்கள் வருகிறோம் என்று இரண்டு நாளாக முறுக்குச் சுட்டவர். பிள்ளையின் வாயைப் பார்த்ததும் அவருக்கு மானம் போய்விட்டது.

"என்னாடி இது, பல்லு பூரா மஞ்சக் கெடக்கு? வெளிநாட்டுப் புள்ளைன்னு நாலு பேரு பாக்க வருவாங்க. சிரிச்சா என்னான்னு நெனப்பாங்க?"

நான் உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வருவதற்குள் அக்கா பல்பொடியை உள்ளங்கையில் கொட்டி, உப்பும் சேர்த்து, விரலால் தேய்த்து முடித்திருந்தார். வாய் கொப்பளிக்க வைத்துக் கையில் ஒரு முறுக்கும் கொடுத்திருந்தார். அமலி அதைப் பெருமையாகக் கடித்துக்கொண்டிருந்தாள். பல் பளிச்சென்று இருந்தது.

நான் கத்தினேன். மருந்து அக்கா, ஐயோ, மருந்து என்று. அக்கா திகைத்துப் போனார். அப்புறம் அவருக்குக் கோபம் வந்தது.

"பல்லுக்கு எதுக்குடி பெயிண்டு? வயித்துல புள்ள இருக்கயில ஒழுங்கா சுண்ணாம்புச் சத்துள்ளதா தின்னுருக்கணும். அப்ப டயட்டு அது இதுன்னு இருந்துட்டு."

நான் இருந்தது டயட் இல்லை, வாந்தி. மசக்கை முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அது போகட்டும். அரியலூரில் பூமியைத் தோண்டினால் வருவதே சுண்ணாம்புக்கல். அதைத் தோண்டித்தான் நாடு முழுக்க வீடு கட்டுகிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில் பிறந்தும் என் வயிற்றுக்கு மட்டும் சுண்ணாம்பு போதாமல் போய்விட்டதாம். பிள்ளையிடம் ஏதாவது குறை இருந்தால் அதைக் கொண்டுவந்து வைப்பதற்குத் தாயின் வயிறு எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது.

மறுநாளே திரும்பவும் பெரம்பலூர் போய்க் கேட்டுக்கொண்டு வரலாம் என்றேன். சவரி வேண்டாம் என்றார். கொஞ்சமாவது ஒட்டியிருக்கும் என்றார். லீவு முடிய நான்கு நாள்தான் இருந்தது, பார்க்க வேண்டிய வீடுகள் ஒன்பது இருந்தன. போனோம், காபி குடித்தோம், வந்தோம்.

5

மஸ்கட் திரும்பி மூன்று மாதம் ஆனது. நான் ஞாபகப்படுத்தினேன். அந்த மாதம் எங்கள் எல்லோருடைய தங்கும் அட்டையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கைரேகை வைக்க ஒரு நாள், போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பியதில் ஒரு நாள். அப்புறம் பார்க்கலாம் என்றார் சவரி. இன்னொரு மூன்று மாதம் போனது. கம்பெனியில் பாதிப் பேரைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அந்த நேரத்தில் பல்லைப் பற்றிப் பேசினால் நான் மனுஷியே இல்லை. அதற்குப் பிறகு, இவ்வளவு நாள் விட்டாச்சு, இனிமேல் அடுத்த லீவில் ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. ஐந்து நிமிட வேலையை நாங்கள் இரண்டு வருடம் தள்ளி வைத்தோம்.

சவரி என்ன வேலை பார்க்கிறார் என்று சொல்லவில்லையே. ஏசி பராமரிப்பு. பெரிய பெரிய வீடுகளுக்கெல்லாம் இவருடைய கம்பெனிதான் ஒப்பந்தம். மூன்று மாதத்துக்கு ஒரு சர்வீஸ். வெள்ளிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து இவரே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவார். யாராவது அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லிவிட்டால் இவருக்குப் பொறுக்காது. மூன்று மாதத்தை விட்டால் உள்ளே அழுக்கு ஏறும் மேடம், அப்புறம் கம்ப்ரஸர் போய்விடும், பிறகு என்னைச் சொல்லாதீர்கள் என்று ஹிந்தியில் மன்றாடுவார். பக்கத்தில் தரையில் படுத்து அமலி படம் வரைந்துகொண்டிருப்பாள். நான் சமையல்கட்டிலிருந்து இதைக் கேட்பேன். ஒரு நாள் தாங்க முடியாமல் வெளியே வந்து, அந்த மேடத்தோட ஏசிக்கு இருக்கிற அதிர்ஷ்டம் என் பிள்ளைக்கு இல்லையே என்று சொல்லிவிட்டேன். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

இதற்கிடையில் அமலி ஐஸ்கிரீம் கேட்பதை நிறுத்திவிட்டாள். கடைக்குப் போனால் மற்றப் பிள்ளைகள் ஃபிரீஸரைத் திறந்துகொண்டு நிற்கும், இவள் பேசாமல் வருவாள். ஃபிரிட்ஜ் தண்ணீர் வேண்டாம், வெளியில் இருக்கிற தண்ணீர் போதும் என்பாள். நாங்கள் பூரித்துப் போனோம். ஊருக்குப் போனில் பேசும்போதெல்லாம் சவரி இதைத்தான் சொல்வார்: "எம் புள்ள ஐஸ்கிரீமுன்னு ஒரு நாளு கேட்டதில்லக்கா. கோக்கு கேக்காது, சில்லுத் தண்ணி கேக்காது. அப்புடி வளத்துருக்கோம்." லூர்து அக்கா திருஷ்டி கழிக்கச் சொன்னார். நான் கழித்தேன்.

6

இந்த வருட லீவில் ஊரில் இறங்கிய இரண்டாம் நாள். ஏலாக்குறிச்சி வீட்டில் மதியச் சாப்பாடு. கறிக்குழம்புச் சோற்றில் ஒரு வாய் வைத்ததும் அமலி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே இடது பக்கக் கடைவாய்ப் பல்லில் மேல்பாதி இல்லை. மீதி இருந்ததும் ஊறிப்போன பிஸ்கட் போல இருந்தது.

மறுபடியும் அரியலூர், மறுபடியும் லாரி, மறுபடியும் பெரம்பலூர். டாக்டர் ஷமீமாவுக்கு எங்களை ஞாபகம் இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மறந்திருந்தால் புதிதாக வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

பல்லில் மெல்லக் காற்று அடித்தார். அமலி துள்ளினாள்.

"கூசுதாம்மா? இல்ல வலிக்குதா?" என்று கேட்டார்.

அமலி என்னைப் பார்த்தாள். "கூசுதுன்னா என்னம்மா?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். ஜில்லென்று ஏதாவது பட்டால் சுரீர் என்று ஏறுமே, பல்லைக் கடிக்க முடியாதே, அது.

"அதுவா? அது எப்பவும் இருக்குமே" என்றாள். "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அவள் பள்ளிக்கூடத்தில் பேசுவது இங்கிலீஷ், கட்டிடத்துப் பிள்ளைகளோடு ஹிந்தி, எங்களோடு தேய்ந்த தமிழ். இத்தனை பாஷையிலும் அந்தச் சங்கடத்துக்கு அவளிடம் ஒரு பெயர் இல்லை. பெயர் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் பக்கத்திலேயே இருந்தோம். ஐஸ்கிரீம் கேட்காத பிள்ளை என்று போனில் பெருமை பேசிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். அப்புறம் எங்களிடம் திரும்பினார்.

"இதக் காப்பாத்த முடியாதுங்க. எடுத்துடணும். மத்த மூணும் பொடிய ஆரம்பிச்ச கேஸுதான், ஆனா இன்னும் கைவிட்டுப் போகல. மேல ஒண்ணுக்குத் தொப்பி மாரி உறை போடுறேன். மத்ததுக்கும் முன் பல்லுக்கும் ஃபுளோரைடு பூசுறேன். ஆனா இந்தத் தடவயும் ரெண்டு வருசம் கழிச்சு வந்தீங்கன்னா, அடுத்தது முன்பல்லுதான் போவும். பொம்பளப் புள்ள."

சவரி தொண்டையைக் கனைத்தார். "இதுக்கு ஒரேயடியா எதுவும் பண்ண முடியாதுங்களா டாக்டர்? கெட்டியா, ரெண்டு வருசம் நிக்கிற மாரி? காசு ஆனாலும் பரவால்லீங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார், அது அதைவிட மோசமாக இருந்தது.

"எங்க அத்தா, அதாங்க அப்பா, குவைத்துல இருந்தாங்க. லீவுக்கு வந்தா மொத நாளு பெட்டி பிரிப்பாங்க. ரெண்டாவது நாளு பல்லு டாக்டர்ட்ட போவாங்க. ஒவ்வொரு லீவுக்கும் ஒரு பல்லு. கடைசியா வந்தப்ப பூராவும் கட்டுன பல்லு. எங்க ஊருல முக்காவாசி அத்தாமாரு வாய் அப்புடித்தாங்க இருக்கும். பெரியவங்க, அவங்க வாயி, அவங்க இஷ்டம். புள்ள வாய என்னத்துக்குங்க லீவுக்கு எழுதி வக்கிறீங்க? உங்க லீவு தெரிஞ்சா பல்லு வளருது?"

சவரி தலை குனிந்திருந்தார். ஒரு நிமிடம் எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அடுத்த நிமிடமே அது போய்விட்டது.

ஊசி போடும்போது அமலியின் காலை நான் பிடித்துக்கொண்டேன், கையை அவர் பிடித்துக்கொண்டார். அவள் அழவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, காது குத்துனப்பவும் நீங்க இப்படித்தான பிடிச்சீங்க?" என்று கேட்டாள். அப்போது அவளுக்கு இரண்டு வயது, ஞாபகம் இருக்க வாய்ப்பே இல்லை. போனில் இருக்கிற வீடியோவைப் பார்த்திருக்கிறாள். அதில் எல்லோரும் சிரிக்கிறோம், அவள் மட்டும் அலறுகிறாள்.

பல்லை எடுத்துத் தட்டில் வைத்தார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. பாரு பாரு என்று நான் கையைக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். லூர்து அக்கா அன்று கஞ்சி காய்ச்சி ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். மருந்து பூசியிருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டு, ஆமாம் என்றதும் பல்பொடி டப்பாவை எடுத்துத் தானே பரணில் வைத்தார்.

7

திரும்பி வந்த பிறகு மூன்று வாரம் வீட்டில் பல் என்கிற பேச்சே இல்லை. போன வெள்ளிக்கிழமை சவரி வழக்கம் போல ஏசி வீடுகளுக்குப் போன் போட உட்கார்ந்தார். இரண்டு போன் பேசினார். மூன்றாவது எண்ணை எடுத்துவிட்டு, போனைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அடுத்த லீவு டிக்கெட்ட காசா வாங்கிக்கலாம்ங்கிறான் ஆபீஸ்ல. வாங்கிடவா? ரூவி டாக்டர்ட்டயே மூணு மாசத்துக்கு ஒரு தடவ காட்டிடலாம். உறை போடணும்னாலும் அதுலயே பாத்துடலாம்."

அப்படியென்றால் நான்கு வருடம் ஊர் கிடையாது. இந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராதா என்றுதான் இரண்டு வருடமாகச் சண்டை போட்டேன். வந்த பிறகு அம்மா ஞாபகம்தான் வந்தது. என் அம்மாவுக்கு எழுபது ஆகிறது. நான்கு வருடம் என்பது அவருக்கு எவ்வளவு என்று யாரிடம் கேட்பது? பல்லுக்காக வரவில்லை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்றும் எனக்குத் தெரியும். பல்லுக்காக ஊருக்கு வந்தவர்களைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

வாங்கிடுங்க என்றேன்.

அமலியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அங்கே அவளுக்கு அத்தை மகன்கள் இருக்கிறார்கள், ஆட்டுக்குட்டி இருக்கிறது, கொள்ளிடத்து மணல் இருக்கிறது, மாதா கோயில் தேர் இருக்கிறது. அழுவாள், சமாதானப்படுத்த வேண்டும் என்று நினைத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். அடுத்த லீவுக்கு நாம ஊருக்குப் போகலடா கண்ணு என்றேன்.

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். "நெஜமாவா?"

"நெஜமாதான்."

"ப்ராமிஸ்?"

தலையாட்டினேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பல் போன அந்த இடம் தெரியச் சிரித்தாள். மடியிலிருந்து குதித்து உள்ளே ஓடினாள்.

"அப்பா! அம்மா ப்ராமிஸ் பண்ணிட்டாங்க. நாம ஊருக்குப் போக வேணாமாம்!"

பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல். சவரி போனைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, நன்றி கெட்ட பிள்ளை என்று. அப்புறம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். மொட்டை அடித்தது, காது குத்தியது, ஊசி போட்டது, கண்ணைச் சோதித்தது, காலைப் பிடித்துக்கொண்டு பல்லைப் பிடுங்கியது, எல்லாம் எங்கே? வலிக்கிற எல்லாவற்றையும் நாங்கள்தான் ஊருக்கென்று எடுத்து வைத்தோம். பிள்ளை சொல்வதில் ஒரு தப்பும் இல்லை.